பாவனையும் பாவமும்

கஸால் என்பது அரபுச் சொல். மெல்லிய உடலும் நீண்ட கால்களும் கரிய பெருவிழிகளும் வாய்ந்த பாலைவன மானை அரபிகள் அப்பெயரால் அழைத்தனர். பிரெஞ்சு மொழி அச்சொல்லைக் கடனாகப் பெற்று, ‘கஸெல்’ என்று தன் நாவுக்கு இசைய மாற்றிக் கொண்டது. பிரான்சின் தென்பகுதியில் 1967-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் முதன்முதலாக வானில் எழும்பிய ஓர் இலகுரக ராணுவ ஹெலிகாப்டருக்குப் பின்னர் அப்பெயரே சூட்டப்பெற்றது. மானின் பெயரைத் தாங்கிய அப்பொறி மானைப் போலவே விரைவும் மெலிவும் உடையது. ஆனால், மான் எவரையும் வேட்டையாடியதில்லை.

சொல்லின் வேரைத் தோண்டிப் பார்ப்பது, மத்ரஸாவில் ஓதி வந்தவர்களால் விட்டொழிக்க முடியாத பழக்கம். அதே மூன்று எழுத்துக்களிலிருந்துதான் நூல் நூற்பதைக் குறிக்கும் சொல்லும், காதற் கவிதையைக் குறிக்கும் ‘கஸல்’ என்னும் சொல்லும் பிறக்கின்றன. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பெயரை நூல் நூற்கும் தொழிலோடு இணைப்போர் ஒரு சாரார். ஊர்ப் பெயரோடு இணைப்போர் மற்றொரு சாரார். அந்த வழக்கு நமக்கு இங்கே வேண்டுவதன்று. எனினும், இந்த ஹெலிகாப்டர் சுமந்து செல்லும் ஏவுகணை தனக்குப் பின்னே மெல்லிய கம்பி நூலை விட்டுக்கொண்டே பாய்வது என்று அறியும்போது, நூற்றலைக் குறிக்கும் அவ்வேர் நினைவுக்கு வராமல் போவதில்லை.

முதலில் பொறியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். பொருளை அறியாமல் அதன் ஹுக்மைப் பேசுவது நம் இமாம்களின் வழியன்று. கஸெலில் ஐவர் அமரலாம். முன்புறம் முழுவதும் கண்ணாடிக் குமிழ். ஓட்டுபவரின் காலடியில்கூட நிலம் தெரியும். தலைக்கு மேலே கண்ணாடி இழை கொண்டு செய்த மூன்று அலகுகள் சுழலும். அஸ்தஸூ என்னும் சிறிய டர்பைன் எஞ்சின் அவற்றை இயக்கும். 1971-ஆம் ஆண்டில் இவ்வகைப் பொறி மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிப் பறந்து, தன் எடை வகுப்பில் சாதனை படைத்தது. பிரான்சு நாட்டு நிறுவனம் வரைந்த இதனை, 1967-இல் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தின்படி பிரிட்டனும் சேர்ந்து தயாரித்தது. பிறகு யூகோஸ்லாவியாவிலும் எகிப்திலும் இது உருவாயிற்று.

ஆனால், கஸெலின் சிறப்பு அதன் வாலில் இருக்கிறது. மேலே சுழலும் விசிறி ஒரு திசையில் திரும்பினால், கீழே உள்ள உடல் எதிர்த் திசையில் திரும்ப முயலும். அதனைத் தடுத்து நிறுத்துவதற்கே ஹெலிகாப்டரின் வாலில் ஒரு சிறு விசிறி வைக்கப்படுகிறது. கஸெலின் முதல் மாதிரி வழக்கமான வால்விசிறியோடுதான் பறந்தது. 1968-இல் பறந்த இரண்டாம் மாதிரியில், வாலின் நடுவே வட்டமாக ஒரு துளையிட்டு, அதற்குள் 13 சிற்றலகுகள் கொண்ட விசிறியைப் பொருத்தினார்கள். தென்பிரான்சின் நாட்டு வழக்கில் ‘சிறு சாளரம்’ என்று பொருள்படும் ஃபெனெஸ்ட்ரோன் என்னும் பெயர் அதற்கு வாய்த்தது. தரையில் நிற்பவரை வால்விசிறி வெட்டிவிடும் ஆபத்து இதனால் வெகுவாகக் குறைந்தது. மரக்கிளையில் மோதி உடையும் ஆபத்தும் அவ்வாறே.

வாலின் அருமையை நம் முன்னோர் ஒருவர் உடல் நொந்து அறிந்திருக்கிறார். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், இறகுகளைத் தரித்துச் சிறிது தூரம் பறந்தார் என்றும், இறங்கும்போது முதுகில் அடிபட்டார் என்றும், பறவை தன் வாலின் துணைகொண்டு இறங்குகிறது என்பதை அவர் கருதாமற் போனதே அதற்குக் காரணம் என்றும் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த வரலாற்றாசிரியர் மக்கரீ எழுதி வைத்திருக்கிறார். பறவையைப் பார்த்துச் சிறகைப் பாவனை செய்தவர் வாலைப் பாவனை செய்ய மறந்தார். பாவனையில் எது விடுபட்டுப் போகிறதோ அதுவே பின்னர் வந்து அடிக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. இக்கட்டுரை முழுவதும் அந்த விடுபட்ட வாலைத் தேடித்தான் செல்லப் போகிறது.

கஸெல் சென்ற இடங்களைச் சுருங்கச் சொல்லிவிடலாம். 1980 முதல் 1988 வரை ஈராக்கும் ஈரானும் பொருதபோது, ஈராக்கின் கஸெல்கள் ஈரானின் டாங்கிகளைத் தாக்கின. இரு பக்கத்திலும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள். 1982-இல் லெபனானில் சிரியாவின் கஸெல்கள் இஸ்ரேலின் டாங்கிகளை எதிர்த்தன. யூகோஸ்லாவியாவில் கஸெலைச் செய்த தொழிற்சாலை மோஸ்தார் நகரில் இருந்தது. அந்நகரின் பெயரையே உலகறியச் செய்த பழம்பாலம், உஸ்மானியக் கொத்தனார் ஹைருத்தீன் 1566-இல் கட்டி முடித்த பாலம், 1993 நவம்பர் 9-ஆம் நாள் பீரங்கிக் குண்டுகளால் ஆற்றில் வீழ்ந்தது. போர்க்கருவியைச் செய்து விற்ற நகரைப் போர் விலக்கி வைக்கவில்லை. 2013 ஜனவரியில் மாலி நாட்டில் கஸெலை ஓட்டிச் சென்ற பிரெஞ்சு விமானி ஒருவர், தரையிலிருந்து வந்த சிறு துப்பாக்கிக் குண்டால் மாண்டார். மானின் தோல் மெல்லியது. இதே பொறி காயம்பட்டோரைப் போர்க்களத்திலிருந்து சுமந்து வந்து உயிர் காத்ததும் உண்டு. கத்தி அறுக்கும், அறுப்பது கனியா கழுத்தா என்பது கத்தியின் கணக்கில் இல்லை என்று சொல்லி இங்கேயே முடித்துவிடலாம். ஆனால், என் கேள்வி கத்தியைப் பற்றியதன்று. கத்தியின் படத்தைப் பற்றியது.

கஸெல் இன்று பலருடைய வீடுகளில் பறக்கிறது. கம்ப்யூட்டர்த் திரையில் அது உயிர்பெற்று எழுகிறது. இதனைச் சிமுலேட்டர் என்கிறார்கள். பாவனைப் பறப்பு என்று நாம் சொல்லலாம்.

இக்கலையின் பிறப்பு வியப்புக்குரியது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஆர்கன் என்னும் இசைக்கருவி செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க் என்பவர், ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டு, அசைந்தாடும் ஒரு சிறு விமானத்தை 1929-இல் செய்து முடித்தார். அது நிலத்தை விட்டு எழும்பாது. ஆனால் உள்ளே அமர்ந்தவர் பிடியை அசைத்தால் சாயும், திரும்பும். தொடக்கத்தில் அதனை வாங்கியவர்களுள் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்களே மிகுதி. 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் மூட்டைகளைச் சுமந்து மேகத்துக்குள் பறந்து, வழி தெரியாமல் பலர் மடிந்த பின்னரே ராணுவம் விழித்துக்கொண்டு ஆறு கருவிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் விமானிகள் பல இலட்சம் பேர் அதில் அமர்ந்து பழகினார்கள். விளையாட்டாகப் பிறந்தது படைப்பயிற்சியாக வளர்ந்தது. பிறகு 1979-இல் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு முதல் பாவனைப் பறப்பு வந்ததும், படைப்பயிற்சி மறுபடியும் விளையாட்டாக ஆயிற்று. கஸெலின் சிமுலேட்டர் மாதிரி ஒன்று 2016-இல் வீட்டுத் திரைகளுக்கு வந்தது. இவ்வாறு விளையாட்டும் போரும் ஒன்றன் ஆடையை மற்றொன்று மாறி மாறி அணிந்து வருகின்றன.

இம்மாதிரிகளை எள்ளி நகையாடுபவர்கள் ஒரு முறை அவற்றைப் பார்க்க வேண்டும். எஞ்சினை உயிர்ப்பிக்க எந்த விசை முதலில், எது அடுத்து என்னும் வரிசை அப்படியே இருக்கிறது. விசிறி சுழலச் சுழலக் கண்ணாடிக் குமிழ் அதிர்கிறது. தரைக்கு அருகே வரும்போது கீழே தள்ளப்பட்ட காற்று மெத்தைபோல் தாங்குவதும், நேர்க்கீழாக விரைந்து இறங்கினால் தான் தள்ளிய காற்றிலேயே தான் அமிழ்ந்து விழுவதும் கணக்கிட்டுக் காட்டப்படுகின்றன. எஞ்சின் நின்றுவிட்டால், விழும் வேகத்தில் எழும் காற்றையே கொண்டு விசிறியைச் சுழலவிட்டு உயிரோடு இறங்கும் வித்தை ஒன்று உண்டு. உண்மைப் பொறியில் அதைப் பழகுவது ஆபத்து. தவறினால் இரண்டாம் வாய்ப்பு இல்லை. திரையில் நூறு முறை விழுந்து நூற்றொன்றாம் முறை இறங்கலாம். உயிரைக் காப்பது ஷரீஅத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்று என்று உசூலில் ஓதியவர்களுக்கு, இப்பயிற்சியின் மதிப்பை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மார்க்கத்தின் நோக்கில் இங்கே எழும் முதற் கேள்வி நேர்மையைப் பற்றியது. கஸெலின் வால்விசிறி வளையத்துக்குள் அடங்கியிருப்பதால், அதன் கால்மிதிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. சிறிது மிதித்தால் மந்தமாகவும் மேலும் மிதிக்க மிதிக்க விரைந்தும் அது பதிலளிக்கும். வழக்கமான வால்விசிறியில் பழகிய கால், அவசர நேரத்தில் தேவையான அளவு மிதிக்கத் தயங்கிவிடக்கூடும். 2016-இல் வந்த அந்த மாதிரி வெளியானபோது, உண்மைக் கஸெலை ஓட்டி அறிந்தவர்கள், அது பறக்கும் விதம் உண்மைக்கு ஒப்பவில்லை என்று முறையிட்டார்கள். செய்தவர்கள் பின்னர் அப்பகுதியைப் புதிதாக ஆக்கினார்கள். வெளித்தோற்றம் அச்சாக இருந்தது. கால்மிதியின் உண்மை இல்லை. மேலே உலர்ந்த தானியத்தைப் பரப்பிக் கீழே நனைந்ததை மறைத்து விற்ற வணிகரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். பொழுதுபோக்குக்காக வாங்கியவனுக்கு அந்த ஈரம் பெரிதன்று. அதனை நம்பி நாளை உண்மைப் பொறியில் ஏறுபவனுக்கு அது உயிர்க் கேடு. ஆகவே, பாவனை செய்பவனின் அமானத், அதனை நம்புபவனின் தேவைக்கேற்ப உயர்ந்துகொண்டே போகிறது. இதில் கருத்து வேறுபாடு எழ இடமில்லை. எனவே கடந்து செல்வோம்.

கடினமானது அடுத்த கேள்வி. என்னிடம் ஓதிய மாணவன் ஒருவனின் தந்தை அதனை என்னிடம் கொண்டுவந்தார். “ஹஜ்ரத், பையன் மக்ரிபுக்குப் பின்னாலே கம்ப்யூட்டர்லே ஹெலிகாப்டர் ஓட்டுகிறான். ஓட்டுவது மட்டும் என்றால் பரவாயில்லை, ஏவுகணை விடுகிறான். டாங்கி எரிகிறது. இது ஆகுமா, ஆகாதா? ஒரே வார்த்தையிலே சொல்லுங்கள்” என்றார். ஒரே வார்த்தையில் விடை சொல்வது எளிது. நம் ஊர்களில் அப்படிச் சொல்பவர்களுக்குப் பஞ்சமும் இல்லை. ஹெலிகாப்டருக்கு ரூஹு கிடையாது. உயிரற்ற பொருளின் உருவத்தை அமைப்பதில் தடை கிடையாது. ஆதலால் ஆகும் என்பார் ஒருவர். வீண் விளையாட்டு, போர்வெறி, மேலைநாட்டு மோகம். ஆதலால் ஆகாது என்பார் மற்றொருவர். இருவரும் அப்பையனின் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் மரபில் இதற்குச் சான்றுகள் இரு பக்கமும் உள்ளன. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே, துணியால் சிறகு தைத்த ஒரு குதிரை இருந்தது. காற்றில் திரை விலகியபோது அதனைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், குதிரைக்குச் சிறகா என்று வினவினார்கள். ஸுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தன என்பதைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்க, நாயகம் (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். பறக்கும் ஒன்றின் விளையாட்டு மாதிரிக்கு, இதைவிட அன்பான வரவேற்பு வேறெங்கும் கிடைத்ததாக நான் படித்ததில்லை. பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலுக்குள்ளேயே ஈட்டிகளைக் கொண்டு விளையாடினார்கள்; தடுக்க முனைந்த உமர் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்களே தடுத்தார்கள். எனவே போர்க்கருவியின் விளையாட்டு என்பதனாலேயே அது விலக்கப்பட்டது என்று கூற வழியில்லை.

மறுபக்கம், விளையாட்டுக்காகக்கூட ஒருவர் தம் சகோதரரை நோக்கி ஆயுதத்தை நீட்டலாகாது என்ற கடுமையான எச்சரிக்கை ஹதீஸில் உள்ளது. கை வழுக்கிவிடக்கூடும் என்பதும் அங்கே சொல்லப்படுகிறது. உயிருள்ள ஒன்றை அம்பெய்து பழகும் இலக்காக நிறுத்துவதும் தடுக்கப்பட்டது. இவ்விரு பக்கங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஈட்டி ஆடலாம், ஈட்டியின் முனைக்கு எதிரே ஒரு முகம் வந்துவிட்டால், அது ஆட்டமாக இருப்பது நின்றுவிடுகிறது.

“திரையில்தான் முகமே இல்லையே, ஹஜ்ரத்!” என்று இளைஞர்கள் கூறுவார்கள். உண்மை. அங்கே எவரும் சாவதில்லை. எவருக்கும் கை வழுக்குவதில்லை. இந்த வாதத்தை மதிக்காமல் மேலே செல்வது நியாயமன்று. திரையில் டாங்கியைக் கொளுத்துபவன் நாளை தெருவில் மனிதனைக் கொளுத்துவான் என்று சில மேடைகளில் முழங்குவதைக் கேட்டிருக்கிறேன். அஃது அவதூறு. குர்பானி ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கி நிற்கும் பிள்ளைகளே, மாலையில் இவ்விளையாட்டுக்களை ஆடுகிறார்கள். நம் கடற்கரை ஊர்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் சதுரங்கத்தை ஹராம் என்னாமல் மக்ரூஹ் என்று நிறுத்தினார்கள். அதுவும் சூதும் தொழுகை தவறுவதும் கலவாத வரையில். சதுரங்கத்தில் யானையும் குதிரையும் வெட்டுண்டு வீழ்கின்றன. அரசனே முற்றுகையில் அகப்படுகிறான். எவரும் அதற்காக அழுததில்லை.

ஆனால், சதுரங்கத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. சதுரங்கக் குதிரை, குதிரையைப் போலிருக்க முயல்வதில்லை. அது கட்டைத் துண்டு. தான் கட்டைத் துண்டு என்பதை மறைப்பதும் இல்லை. சிமுலேட்டரின் பெருமையோ ஒப்பாக இருப்பதில்தான் உள்ளது. ஒவ்வொரு விசையும் ஒவ்வொரு அதிர்வும் உண்மையோடு ஒத்துப் போக வேண்டும் என்பதற்காக அதனைச் செய்பவர்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். ஆடுபவர்களும் ஒரு முள் பிழையாக நின்றால் பொறுப்பதில்லை. எல்லாவற்றிலும் ஒப்புமை கோருபவன் ஒன்றில் மட்டும் ஒப்புமை வேண்டாம் என்றால், அது ஏன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இந்த இடத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடம் செல்வோம். ஒழுக்கம் என்பது உள்ளத்தில் ஊன்றிவிட்ட நிலை என்றும், அது ஊன்றிய பின் செயல்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையின்றி எளிதாகப் புறப்படும் என்றும் இஹ்யாவில் அவர்கள் விளக்குகிறார்கள். அந்நிலையை அடைவது எப்படி? அழகெழுத்துக் கலைஞனாக விரும்புபவனை உதாரணம் காட்டுகிறார்கள். அவன் முதலில் தேர்ந்தவனின் கையெழுத்தைப் பார்த்து வலிந்து பாவனை செய்கிறான். செய்யச் செய்ய அது அவன் கையின் இயல்பாகிவிடுகிறது. வள்ளல் தன்மையும் அவ்வாறே, பணிவும் அவ்வாறே. ஆக, பாவனை என்பது வெறும் ஒன்றுமில்லாதது அன்று. பாவனைதான் வாயில். விமானப் படைகள் கோடிகளைச் செலவிட்டுச் சிமுலேட்டர்களை வாங்குவதும் இந்த உண்மையின் மேல்தான். திரையில் பழகியது உடலில் ஊன்றும் என்று நம்பித்தானே வாங்குகிறார்கள்? வால்மிதியின் பழக்கம் காலில் ஊன்றும் என்றால், வேறு பழக்கங்கள் மட்டும் ஊன்றாமல் நழுவிவிடும் என்று எப்படிச் சொல்வது?

அப்படியானால், அந்தப் பையன் பழகுவது எதனை? கொலையை அன்று என்றேன். நான் அவன் அருகே அமர்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். கஸெல் ஒரு குன்றின் பின்னே பதுங்கி நிற்கும். தலைமட்டும் மேலே தெரியும் அளவுக்கு எழும்பும். அதன் ஹாட் என்னும் ஏவுகணை 4,000 மீட்டர் தூரம் செல்ல வல்லது. அவ்வளவு தூரம் செல்ல ஏறத்தாழ 17 விநாடிகள் ஆகும். ஏவிய பின் திரும்பிப் போய்விட முடியாது. ஏவியவர் உருப்பெருக்கும் குழாய்வழியே இலக்கின் மேல் சிலுவைக் குறியை நிறுத்தி, அந்த 17 விநாடியும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கம்பி நூல் வழியாக அவருடைய பார்வையின் கட்டளை சென்றுகொண்டே இருக்கும். பார்வை விலகினால் ஏவுகணையும் விலகும்.

பதினேழு விநாடி என்பது சிறிய காலம் அன்று. ஸூரத்துல் ஃபாத்திஹாவை நிதானமாக ஓதி முடிக்கப் பெரும்பாலும் போதும். அந்த நேரத்துக்குள் டாங்கியின் மேல்மூடி திறக்கலாம். ஒருவன் வெளியே குதித்துக் கைகளை உயர்த்தலாம். உஸாமா (ரலி) அவர்கள் போர்க்களத்தில், வாள் தலைக்கு மேல் வந்த நேரத்தில் கலிமா சொன்ன ஒருவனை வெட்டிவிட்டார்கள். அஞ்சிச் சொன்னான் என்று அவர்கள் காரணம் கூறியபோது, அவனது உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா என்னும் பொருளில் நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்நாளுக்கு முன் தாம் இஸ்லாத்தில் சேராதிருந்திருக்கலாகாதா என்று உஸாமா (ரலி) அவர்கள் ஏங்குமளவுக்கு அக்கேள்வி அவர்களை உலுக்கியது. வெட்டுவதற்கும் வெட்டாமைக்கும் இடையே இருந்தது ஒரு மூச்சு நேரம். கஸெலின் சுடுநருக்கோ 17 விநாடி அவகாசம் உண்டு.

திரையில் அந்தப் பதினேழு விநாடியில் ஒன்றும் நிகழ்வதில்லை. நான் பார்த்த வரையில் மூடி திறக்கவில்லை. எவனும் கை தூக்கவில்லை. பையன் குறியை அசையாமல் நிறுத்தக் கற்றுக்கொண்டிருக்கிறான்; நன்றாகவே கற்றிருக்கிறான். குறியை விலக்க வேண்டிய ஒரு தருணம் வரக்கூடும் என்பதை மட்டும் அந்தப் பாவனை அவனுக்கு ஒரு முறையும் கற்பிக்கவில்லை. அவன் பழகுவது கொடுமையை அன்று, கேளாமையை. அங்கே யார் இருக்கிறார், இன்னும் எதிரிதானா, இப்போதும் சுடத்தான் வேண்டுமா என்று கேட்காமலே 17 விநாடியைக் கடத்தும் பழக்கத்தை. இப்னு ஃபிர்னாஸ் மறந்த வாலை நான் இங்கேதான் காண்கிறேன்.

உண்மைச் சுடுநருக்கு மட்டும் என்ன தெரிகிறது என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அவரும் குழாய்வழியே, நாலு கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு சிறு சாம்பல் உருவத்தைத்தான் காண்கிறார். திரையில் ஆடும் பையனின் கண்ணுக்கும் அவர் கண்ணுக்கும் வேறுபாடு மிகக் குறைவு. பாவனை உண்மையைப் போலாகிவிட்டது என்று நாம் வியக்கிறோம். அதற்கு முன்பே உண்மை பாவனையைப் போலாகிவிட்டதை மறந்துவிடுகிறோம். 1982 ஜூன் 6-ஆம் நாள் ஃபாக்லாந்துத் தீவுகளில் நிகழ்ந்ததைப் பாருங்கள். பிரிட்டனின் போர்க்கப்பலான கார்டிஃப், ராடார்த் திரையில் நகர்ந்த ஒரு புள்ளியை அர்ஜெண்டினாவின் விமானம் என்று கருதி ஏவுகணையை விடுத்தது. வீழ்ந்தது பிரிட்டனின் சொந்தக் கஸெல். அதிலிருந்த நால்வரும் மாண்டனர். கப்பலில் இருந்தவர்கள் கொடியவர்கள் அல்லர், கடமையைச் செய்தவர்கள். திரையில் நண்பனின் புள்ளியும் பகைவனின் புள்ளியும் ஒரே நிறம். கண் தராத வேறுபாட்டை வேறொன்று தர வேண்டியிருந்தது: விசாரித்து அறிதல். ஒரு செய்தி வந்தால் தெளிவுபடுத்திக் கொள்ளுங்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தில் நமக்கு இடப்பட்டுள்ள கட்டளையும் அதுவே. திரை பெருகப் பெருக, விசாரிக்கும் உள்ளத்தின் பொறுப்பும் பெருகுகிறது; பையன்கள் பழகும் திரையிலோ அந்தப் பொறுப்புக்கு வேலையே வைக்கப்படவில்லை.

இன்னொன்றும் என் மனத்தை உறுத்துகிறது. கஸெல் பறக்கும் அதே சிமுலேட்டருக்கு, சிரியாவின் நிலப்பரப்பு 2020-இல் வெளியிடப்பட்டது. ஹலபு, ஹமா, ஹிம்ஸு, திமிஷ்கு, பெய்ரூத் எல்லாம் அதில் அடக்கம். மலைகளும் சாலைகளும் வீட்டுக் கூரைகளும் கவனமாகச் செய்யப்பட்டவை என்று பார்த்தவுடனே தெரிகிறது. நாம் கிதாபுகளில் ஓதிய ஊர்கள் அவை. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஓதியும் ஓதிக்கொடுத்தும் வாழ்ந்த நகர் திமிஷ்கு. ஹிம்ஸில் காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களின் பெயரால் பள்ளிவாசல் இருக்கிறது. அந்தத் திரைநிலம் வெளியான ஆண்டில், அவ்வூர்களின் மக்கள் இலட்சக்கணக்கில் துருக்கியிலும் லெபனானிலும் ஜோர்டானிலும் கூடாரங்களிலும் வாடகை அறைகளிலும் கிடந்தார்கள். திரையில் வீடுகள் நிற்கின்றன, குடியிருப்பவர் எவருமில்லை. செய்தவர்களின் உள்ளத்தில் தீங்கு இருந்தது என்று நான் சொல்லவில்லை. நிலத்தின் அழகில் மயங்கியே செய்திருக்கலாம். ஆனால், தன் வீட்டை இழந்து நிற்கும் ஹலபு நகரத்துச் சிறுவன் ஒருவன், நம் பையனுக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து அமர்ந்தால், நம் பையன் அந்த ஆட்டத்தைத் தொடர்ந்து ஆடுவானா? ஆட மாட்டான். கை தானாகவே நின்றுவிடும். பக்கத்தில் அமர்ந்திருக்கும்போது நிற்கும் கை, அமர்ந்திராதபோது நிற்பதில்லை என்றால், முகம் திரையில் இல்லாமற் போனதுதானே காரணம்? ஈட்டியின் முனைக்கு எதிரே முகம் இல்லை என்பது, முகத்தை நாம் எடுத்துவிட்டோம் என்பதாகவும் இருக்கலாம்.

அந்தத் தந்தைக்கு நான் சொன்னதை எழுதுகிறேன். இது ஃபத்வா அன்று; ஃபத்வா தருவோர் நம்மிடையே இருக்கிறார்கள். தொழுகையும் பாடமும் தவறாத வரையில், பறப்பதில் எனக்குத் தடை ஒன்றும் தெரியவில்லை. அதில் மகிழ்ச்சியே உண்டு. மலை இடுக்கில் இறங்கட்டும். எஞ்சின் நின்ற பொறியைக் காற்றின் துணையோடு தரை சேர்க்கட்டும். காயம்பட்டவரை ஏற்றிவரும் ஆட்டங்கள் இருந்தால் அவற்றை ஆடட்டும். பெயர்கூட இல்லாத வெற்றுவெளியில் இலக்கை எய்து பழகினால், அது அபிசீனியரின் ஈட்டி விளையாட்டைச் சேர்ந்தது என்பேன். வாழும் மக்களின் ஊரைப் பெயரோடும் தெருவோடும் பலகையாக விரித்து, அதன்மேல் குண்டு எறிந்து களிப்பதை நான் வெறுக்கிறேன். ஹராம் என்ற சொல்லை எடுக்கத் தயங்குகிறேன். அல்லாஹ்வும் ரஸூலும் கூறாத இடத்தில் அச்சொல்லை எடுக்கும் துணிவு எனக்கில்லை. வெறுக்கிறேன் என்று மட்டும் சொல்கிறேன். மேலும், மகன் ஆடும்போது வாப்பாவும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் அமர வேண்டும் என்றும் சொன்னேன். “இது எந்த ஊர் தம்பி? இங்கே யார் இருந்தார்கள்? இப்போது எங்கே இருக்கிறார்கள்?” என்று கேட்க வேண்டும். பிடுங்கி வைப்பதால் பையனுக்கு மிஞ்சுவது ஆத்திரம் மட்டுமே. பெரும்பாலான வீடுகளில் கம்ப்யூட்டரை ஓர் அறையில் பூட்டி வைத்துவிட்டு, பிள்ளை என்ன பார்க்கிறான் என்று உம்மாவும் அறியாமல் வாப்பாவும் அறியாமல் இருப்பதுதான் நடக்கிறது.

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தயங்கித் தயங்கி மற்றொன்று கேட்டார். பையன் கடற்படையில் ஹெலிகாப்டர் விமானியாக வேண்டும் என்று ஆசைப்படுகிறானாம். நம் அரக்கோணத்தில் ராஜாளி என்னும் கடற்படை விமானத் தளத்தில் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி 1992 முதல் இருக்கிறது. சேத்தக் என்னும் ஹெலிகாப்டரில் பல தலைமுறை விமானிகள் அங்கே கற்றிருக்கிறார்கள். சேத்தக்கும் பிரெஞ்சு வரைபடத்தின் வழி வந்ததுதான். அலூவெத் என்னும் பிரெஞ்சுப் பொறியைப் பெங்களூரில் நம்மவர்கள் செய்து அப்பெயர் வைத்தார்கள். அலூவெத் என்றால் வானம்பாடி. கஸெல் பிறந்ததும் அவ்வீட்டிலேதான். இந்தத் திரைப் பழக்கம் அங்கே உதவுமா என்பது அவர் கேள்வி.

உதவும் என்றேன். தலைவிசிறி இரண்டிலும் ஒரே பக்கமாகச் சுற்றுவதால் எந்தக் காலை மிதிப்பது என்ற குழப்பம் இராது; அமெரிக்கப் பொறிகளில் பழகியிருந்தால் அது தலைகீழ். ஆனால், சேத்தக்கின் வாலில் வளையம் இல்லை, திறந்த விசிறி. கஸெலுக்கு மிதித்த அளவை அங்கே மிதித்தால் வால் எங்கோ போகும். ஆசிரியர் முதல் நாளே திட்டுவார். அதையும் பையனிடம் சொல்லி வைக்கச் சொன்னேன்.